கேன்டீனுக்கு வைத்த பொட்டு

பணி ஓய்வு பெற்றவர்கள் அனுபவம் எழுத உட்கார்ந்தால், தலை நரைத்ததை முதலில் சொல்வார்கள். எனக்கு இன்னும் நரைக்கவில்லை. வயது முப்பத்து மூன்று. பேரூராட்சியில் வரித்தண்டலராக இருந்தேன். இப்போது மகளுக்கு இட்லி ஊட்டுகிறேன். அரசாங்கக் கணக்கில் இதற்குப் பெயர் ராஜினாமா. என் மாமியார் கணக்கில், "வீட்டுல சும்மாத்தான் இருக்கா." ஆனால் வழியனுப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள், "நீண்ட நெடிய சேவை" என்று தலைவர் பேசினார். யாருக்கோ எழுதி வைத்திருந்த பேச்சாக இருக்கலாம். இருந்தாலும் என் முன்னால் பேசியதால் நானும் ஓய்வு பெற்றவள்தான்.

இதை எழுதக் காரணம் இசக்கிராஜா. என் நாற்காலிக்கு வந்திருக்கும் தம்பி. போன வாரம் போன் செய்தான்.

"அக்கா, பிஸியா?"

"பாப்பாவுக்கு இட்லி ஊட்டுதேன். நீ சொல்லு."

"பவர் பிளாண்ட் ஃபைல் திரும்பக் கிளம்பியிருக்கு. கட்டிடம் எது, மெஷின் எதுன்னு புதுசா வந்த செயல் அலுவலர் மேடம் என்கிட்டக் கேக்காங்க. டிரோன் பறக்க விட்டுப் படம் புடிச்சாங்கல்லா? அதுல கூலிங் டவரை மூணு மாடி வீடுன்னு போட்டிருக்கு. பீடித் தெரு பாத்திமுத்து அக்காவோட ஆட்டுக் கொட்டகையையும் வீடுன்னு போட்டிருக்கு. டர்பைன் ஹாலை மட்டும் கட்டிடம் இல்லைன்னு போட்டிருக்கு."

"டிரோனுக்குக் கம்பெனில மத்தியானச் சாப்பாடு போட்டிருப்பாங்க."

"விளையாடாதீங்கக்கா. போன தடவை நீங்க ஆயுத பூஜைக்குப் போய் இதை முடிச்சிட்டு வந்ததா ஆபீஸ்ல சொல்லுதாங்க. நெசமா?"

நிஜம்தான். போனில் சொன்னால் பாதியைப் பாப்பா பிடுங்கிக்கொள்வாள் என்பதால், எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதத் தொடங்கியதும் எனக்கே சந்தேகம் வந்தது, இதையெல்லாம் எழுதலாமா என்று. எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வரும். கேஸ் அடுப்பை மூடிவிட்டு மூன்று முறை போய்ப் பார்ப்பவள் நான். இந்தக் குணம் வரி விதிப்பு வேலைக்கு ஏற்றது என்று யாரோ தவறாகப் புரிந்துகொண்டதால்தான் எனக்கு அந்த வேலை நிலைத்தது.

குரூப் ஃபோர் எழுதித் தேறி, ஒரு வருடம் பிறப்புச் சான்றிதழ், இன்னொரு வருடம் தெருவிளக்கு என்று உருண்டு, வரிப் பிரிவுக்கு வந்தேன். பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை. ஒரு டேப்பைக் கையில் கொடுத்து, "போய் அளந்துட்டு வா" என்றார்கள். என்னத்தை அளப்பது என்று கேட்டேன். "எதுக்கு வரி போடணுமோ அதை" என்றார்கள்.

எங்கள் ஊருக்கு மேற்கே, ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து, கருவேல விறகை எரித்து மின்சாரம் தயாரிக்கும் தனியார் மின் நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் புகைபோக்கி ஊரில் எந்த முடுக்கில் நின்றாலும் தெரியும். எங்கள் வரிப் பதிவேட்டில் மட்டும் தெரியாது. அங்கே அது "காலிமனை, காவலாளி அறை ஒன்று." கம்பெனியும் ஒவ்வொரு வருடமும் காலிமனைக்கும் காவலாளி அறைக்கும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வரி கட்டி, ஊரிலேயே ஒழுங்கான வரிதாரர் என்று பெயர் வாங்கியிருந்தது.

நான் மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய சமயம், வரிச் சீராய்வு நடந்துகொண்டிருந்தது. ஊரை ஏ, பி, சி என்று மண்டலங்களாகப் பிரித்திருப்பார்கள். ஏ என்றால் வசதியான இடம், சதுர அடிக்கு மதிப்பு அதிகம், வரியும் அதிகம். சி என்றால் எங்களைப் போன்றவர்கள் இருக்கும் இடம். வசூலாக வேண்டிய மொத்த வரியை இவ்வளவு கூட்டியே ஆக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஓர் இலக்கு வந்திருந்தது. யார் தலையில் கூட்டுவது என்பதை எங்கள் நல்ல மனசுக்கு விட்டிருந்தார்கள். எங்கள் நல்ல மனசு மின் நிலையத்துக்கு எதிரே இருந்த பீடித் தெருவை சி-யிலிருந்து நேராக ஏ-க்குத் தூக்கியிருந்தது. காரணம், அந்தத் தெரு முனையில் ரோடு அகலமாகியிருந்தது. ரோடு அகலமானது விறகு லாரி திரும்புவதற்காக.

அந்தத் தெருவில் நோட்டீஸ் கொடுக்க என்னை அனுப்பினார்கள். முதல் வீடு பாத்திமுத்து அக்காவுடையது. ஓட்டு வீடு. மடியில் சொளவு, அதாவது முறம், அதில் பீடி இலை, பக்கத்தில் புகையிலைத் தூள். சுற்றுகிற கை நிற்காது. அவருடைய பேச்சும் நிற்காது.

"என்னம்மா இது, ஏ போட்டிருக்கு? எங்க தெரு எந்தப் பரீட்சை எழுதிச்சு, முதல் மார்க் போட்டிருக்கிய?"

"ரோடு அகலமாயிட்டுல்லாக்கா."

"அதுல போறது விறகு லாரி. எங்களுக்கு வாரது தூசி. தூசிக்கும் சேத்து வரியா?"

"கட்டலைன்னா..." என்று இழுத்தேன். சொல்லித்தான் ஆக வேண்டும். "குடிதண்ணி இணைப்பை வெட்டச் சொல்லுவாங்கக்கா."

கை அப்போதுதான் நின்றது. வாசலில் இருந்த குழாயைப் பார்த்தார். குழாயடியில் ஒரு வாளியில் பீடி இலை ஊறிக்கொண்டிருந்தது.

"இலையை நனைக்காம சுத்த முடியாதும்மா. காஞ்ச இலை பொடிஞ்சிரும். குழாயை வெட்டுனா எங்க அடுப்பையும் சேத்து வெட்டிட்டுப் போயிரு. ஒரே வேலையா முடிஞ்சிரும்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "புள்ளைக்குப் பால் குடுக்கிற பொம்பளைய அனுப்பியிருக்காங்க பாரு, நாங்க ஏசக்கூடாதுன்னு" என்றார்.

என் சட்டை நனைந்திருந்தது. அதைக் கவனித்துவிட்டார். நான் நோட்டீஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினேன். அரசாங்கக் காகிதம் அப்படி ஒரு உபயோகத்துக்கும் ஆகும்.

அப்போது எங்கள் செயல் அலுவலர் ஒரு பெண். எல்லோருக்கும் மேடம். பாளையங்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார், ஹெல்மெட்டைக் கழற்றாமலே அரை மணி நேரம் கோப்பு பார்ப்பார். கோபம் வந்தால் குரல் தாழும், குறைந்த குரலில் மரியாதை கூடும். "ஐயா, தாங்கள் இதை வாசித்துத்தான் கையெழுத்திட்டீர்களா?" என்று மேடம் கேட்ட அன்று இளநிலை உதவியாளர் ஒருவர் மத்தியானமே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

பாத்திமுத்து அக்கா சொன்னதை மேடத்திடம் சொன்னேன். மேடம் ஜன்னலைத் திறந்து புகைபோக்கியைப் பார்த்தார்.

"இலக்கு குறையாது. தெருவை இறக்கணும்னா வேற ஒண்ணை ஏத்தணும். அந்தக் காலிமனையில இருந்து புகை வருதே, அது என்னன்னு பாத்தமா?"

"அதெல்லாம் மெஷின்னு கம்பெனி எழுதிக் குடுத்திருக்காங்க மேடம்."

சட்டம் எளிமையானது. கட்டிடத்துக்குச் சொத்து வரி உண்டு, உள்ளே இருக்கும் இயந்திரத்துக்கு இல்லை. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு மின் நிலையத்தையே காவலாளி அறைக்குள் அடக்கிவிட முடியும் என்று கண்டுபிடித்தவர் நிச்சயம் பெரிய படிப்பு படித்தவர்.

"நாளைக்கு அளப்போம். அளக்கப் போற இடத்துல பச்சைத் தண்ணி குடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார் மேடம்.

மேடம் அளக்கும் விதம் தனி. டேப்பின் பூஜ்ய முனையைத் தானே பிடிப்பார். மறுமுனையை நான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை, டேப் தொய்யாமல். எண்ணை நான் சத்தமாகச் சொல்ல வேண்டும், மேடம் அதையே திருப்பிச் சொல்வார். திருப்பிச் சொல்லவில்லை என்றால் மறுபடி அளக்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. அப்புறம் கூரை என்ன வகை, உள்ளே என்ன நடக்கிறது, கட்டி எத்தனை வருடம். வடக்கு எது என்று குறிக்காமல் படம் வரைந்தால் கிழித்துவிடுவார். எனக்கு அது பிடித்திருந்தது. மறுபடி மறுபடி சரிபார்க்கும் ஒரு ஆளை அன்றுதான் முதன்முதலாக வேலையில் பார்த்தேன். அதுவரை அதை நோய் என்றுதான் நினைத்திருந்தேன்.

மின் நிலையத்தின் மேனேஜர் கூடவே வந்தார். நெற்றியில் பளிச்சென்று திருநீறு, கையில் டிஷ்யூ பேப்பர். நாங்கள் டேப்பை வைக்கும் ஒவ்வொரு சுவருக்கும் ஒரு பெயர் சொன்னார்.

"இது டர்பைன் ஹால்" என்றார் மேடம்.

"இல்ல மேடம், டர்பைனுக்கு உறை. வெயில் மழை படாம."

"இது கண்ட்ரோல் ரூம்."

"பேனலுக்கு உறை."

"இந்த விறகுக் கொட்டகை?"

"எரிபொருள் ஊட்டும் இயந்திரத்தோட முன்பகுதி."

கேன்டீனில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. மேடம் அதை எட்டிப் பார்த்தார். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது பணியாளர் பராமரிப்பு அலகு. இயந்திரத்தை இயக்குறவங்களை இயங்க வைக்குறது. அந்த வகையில..." என்றார். காவலாளி அறை மட்டும் கட்டிடம்தான் என்று பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டார்.

எனக்கும் அன்று வேகம் வந்துவிட்டது. கூலிங் டவரைக் காட்டி, "இது நிச்சயமா கட்டிடம் மேடம், மூணு மாடி உசரம்" என்றேன்.

"உள்ள போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க" என்றார் மேடம்.

கதவைத் திறந்தேன். உள்ளே மழை. சூடான மழை. மூடிவிட்டு வந்தேன். டிரோன் படத்தைச் சரிபார்க்கும் தம்பிகள் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

அளவெல்லாம் எழுதி, கட்டிடம் என்று நாங்கள் நினைத்தவற்றுக்கு வரி போட்டு, கம்பெனிக்கு அறிவிப்பு அனுப்பினோம். கம்பெனி பதில் அனுப்பியது. அந்தப் பதிலில் "உறை" என்ற சொல் இருந்த அளவுக்கு வேறு எந்தச் சொல்லும் இல்லை. விசாரணைக்கு நாள் குறித்தோம். அதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது.

கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. போகலாமா வேண்டாமா என்று நான் குழம்பினேன். அளக்கும் இடத்தில் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது, சரி. பொரிகடலை? சுண்டல்? பிரசாதத்தை மறுத்தால் சாமி குற்றம், வாங்கினால் விதிக் குற்றம். மேடத்தைக் கேட்டேன்.

"போங்க. கையில பாப்பாவை வச்சுக்கோங்க. ரெண்டு கையும் நிறைஞ்சிருந்தா யாரும் எதுவும் குடுக்க முடியாது" என்றார்.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். டர்பைன் ஹால் வாசலில் இரண்டு பக்கமும் குலையோடு வாழைமரம். கண்ட்ரோல் ரூம் நிலையில் மாவிலைத் தோரணம். கேன்டீன் வாசலிலும் வாழைமரம். பூஜையை நடத்திக்கொண்டிருந்தவர் ஃபோர்மேன் சுடலைமுத்து அண்ணாச்சி. ஒரு கையில் சந்தனக் கிண்ணம், மறு கையில் குங்குமம். டர்பைனுக்குப் பட்டை போட்டு நடுவில் பொட்டு வைத்தார். ஜெனரேட்டர், பாய்லர், பம்பு, மோட்டார், ஒன்றையும் விடவில்லை. வெளியே போய் டிரான்ஸ்ஃபார்மரின் வேலியில் நின்று, எட்டுகிற இடத்தில் வைத்தார். கூலிங் டவரின் விசிறிக்கு வைக்க ஏணி ஏறினார். அந்த வயதில்.

"இவ்வளவு கஷ்டப்படணுமா அண்ணாச்சி?" என்றேன்.

"ஏம்மா, ஒரு வருசம் ஃபீட் பம்பு ஒண்ணை மறந்துட்டேன். அந்த வாரமே புகைஞ்சிட்டு. அதுக்குப் பொறவு ஸ்குரூ டிரைவரைக்கூட விடுததில்ல." பாப்பாவின் நெற்றியிலும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். "இதுவும் ஓடுத மெஷின்தான். நிக்காதுல்லா?"

பாப்பா என் தோளில் சந்தனத்தைத் தேய்த்தாள். நான் ஹாலின் சுவரைப் பார்த்தேன். கதவைப் பார்த்தேன். சுற்றி வந்து பார்த்தேன். எனக்கே உரிய சந்தேகத்தில் இன்னொரு முறையும் சுற்றி வந்தேன். எங்கும் பொட்டு இல்லை. கண்ட்ரோல் ரூமில் ஒவ்வொரு பேனலுக்கும் பொட்டு இருந்தது, சுவருக்கு இல்லை. விறகுக் கொட்டகையில் கன்வேயருக்கு இருந்தது, கொட்டகைக்கு இல்லை. கேன்டீனில் மாவரைக்கும் கிரைண்டருக்கு இருந்தது.

வெளியே வந்து மேடத்துக்குப் போன் செய்தேன்.

"மேடம், மெஷினுக்கெல்லாம் பொட்டு வச்சிருக்காங்க. மேனேஜர் உறைன்னு சொன்ன எதுக்கும் வைக்கல. அதுக்கெல்லாம் வாழைமரம் கட்டியிருக்காங்க."

மேடம் அதை அப்படியே திருப்பிச் சொன்னார். பிறகு, "பொரி வாங்கினீங்களா?" என்றார்.

"இல்ல மேடம்."

"இன்னைக்கு வாங்கிச் சாப்பிடலாம்."

விசாரணை நாளில் பீடித் தெருப் பெண்கள் சொளவோடு வந்து வராண்டாவில் உட்கார்ந்துகொண்டார்கள். காத்திருக்கும் நேரத்தை வீணாக்கக் கூடாதல்லவா. விசாரணையில் முறை ஒன்று உண்டு. யார் எதைச் சொன்னாலும் எழுதி, சொன்னவருக்கே வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். எழுதுகிற வேலை எனக்கு. மேனேஜர் தொழில்நுட்ப விளக்கம் தர சுடலைமுத்து அண்ணாச்சியைக் கூட்டி வந்திருந்தார். அண்ணாச்சி புதுச் சட்டை போட்டிருந்தார்.

"ஹால் இல்லாம டர்பைன் ஓடாது மேடம். ஆகவே ஹாலும் டர்பைனோட ஒரு பாகம்" என்று தொடங்கினார் மேனேஜர்.

"நீங்க சட்டை இல்லாம ஆபீஸ் வர மாட்டீங்க சார். அதுக்காக சட்டையை உங்க உடம்புல ஒரு பாகம்னு சொல்லலாமா?"

வராண்டாவில் யாரோ சிரித்தார்கள். மேனேஜர் உறை பற்றி நிறையப் பேசினார். மேடம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். குரல் தாழ்ந்துகொண்டே போனது. பக்கத்தில் வைத்திருந்த போனில் மாமியார் இரண்டு முறை அழைத்துவிட்டார். கட் பண்ணினேன்.

"அண்ணாச்சி" என்றார் மேடம். "பூஜை ரொம்ப நல்லாப் பண்ணியிருந்தீங்களாமே."

அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அது வருசா வருசம் பண்ணுததுதான மேடம்."

"ஏதாவது மெஷினுக்குப் பொட்டு வைக்காம விட்டுப் போச்சா?"

கேட்கக் கூடாததைக் கேட்ட மாதிரி அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "விடுவனா மேடம்? சத்தியமா ஒண்ணும் விடல. வேணும்னா வந்து எண்ணிப் பாத்துக்கோங்க."

"அப்ப டர்பைன் ஹாலுக்கு ஏன் வைக்கல?"

"அதுக்கு எதுக்கு மேடம்? அது கட்டிடம்லா!"

மேனேஜர் மேசைக்கு அடியில் அண்ணாச்சியின் காலைத் தேடினார். கிடைக்கவில்லை. அண்ணாச்சி முழு வேகத்தில் இருந்தார்.

"கட்டிடத்துக்கு வாழைமரம்லா கட்டுவோம். மெஷினுக்கு யாராவது வாழைமரம் கட்டுவாவளா? கேன்டீனுக்கும் கட்டணும்னு சொன்னதே சார்தான். நல்ல குலையாப் பாத்து வாங்கச் சொன்னாவ."

"ஏளா, நமக்காவ நல்ல சாட்சியாத்தான் கூட்டிட்டு வந்திருக்கான் கம்பெனிக்காரன்" என்றது வராண்டாவில் பாத்திமுத்து அக்காவின் குரல்.

மேடம் சிரிக்கவில்லை. "எழுதிக்கோங்க. பைய எழுதுங்க. அவசரமில்ல" என்றார் என்னிடம்.

எனக்குப் பேனா ஓடவில்லை. குனிந்து, "மேடம், ஆர்டர்ல பொட்டுன்னு எழுதலாமா?" என்று கேட்டேன்.

"எழுதாதீங்க. கம்பெனியோட தொழில்நுட்பப் பணியாளரே அவை கட்டிடங்கள்னு ஒப்புக்கிட்டார்னு எழுதுங்க. வாசிச்சுக் காட்டி அண்ணாச்சிகிட்டக் கையெழுத்து வாங்குங்க." பிறகு எங்கள் அறிவிப்பைப் புரட்டி, "டிரான்ஸ்ஃபார்மருக்கு மேல ஷீட் கூரை இருக்குன்னு நாம கட்டிடத்துல சேத்திருக்கோமே. அதுக்கு அண்ணாச்சி பொட்டு வச்சிருக்கார். அடிச்சிருங்க" என்றார். அடித்தேன். கம்பெனிக்குச் சாதகமாக அன்று விழுந்த ஒரே கோடு அதுதான், மேனேஜர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

டர்பைன் ஹால், கண்ட்ரோல் ரூம், விறகுக் கொட்டகை, அலுவலகம், கேன்டீன் எல்லாம் வரிக்குள் வந்தன. இலக்கு நிறைந்தது. அடுத்த மன்றக் கூட்டத்தில் பீடித் தெரு சி-க்கு இறங்கியது. இதற்காகப் போராடி வெற்றி பெற்றதாக மூன்று பேர் தனித்தனியாக நன்றி பேனர் வைத்தார்கள். மூன்று பேனரிலும் நன்றி சொல்லப்பட்டவர் பேனர் வைத்தவரே. மேடத்துக்கு மாறுதல் உத்தரவு வந்தது. அதற்கும் மின் நிலையத்துக்கும் சம்பந்தமில்லை என்று எல்லோரும் கேட்காமலே சொன்னார்கள்.

பிறகு எனக்கும் வேறு மாவட்டத்துக்கு மாறுதல் போட்டார்கள். கணவருக்கு கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் ஜன்னி வரும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். வேலையா பாப்பாவா என்று பல நாள் கூட்டிக் கழித்தேன். செய்தது சரியா என்று இன்றும் கூட்டிக் கழிக்கிறேன். விடை ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது.

இதுவரை எழுதி இசக்கிராஜாவுக்கு அனுப்பினேன். அனுபவக் கட்டுரை முடிந்தது, இளைய தலைமுறை பயன்பெறும் என்று நிம்மதியாக இருந்தேன். மறுநாளே போன்.

"அக்கா, படிச்சேன். படிச்சிட்டுப் பிளாண்டுக்குப் போனேன். இந்த வருசம் எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருக்காங்க."

"எல்லாத்துக்கும்னா?"

"ஹால் சுவருக்கு, கண்ட்ரோல் ரூம் கதவுக்கு. கேன்டீன் சுவத்துல தட்டு அகலத்துக்கு ஒரு பொட்டு. கக்கூஸ் கதவையும் விடல. வாழைமரம் ஒரு இடத்துலயும் கட்டலியாம். வாட்ச்மேன் ரூமுக்கு மட்டுந்தான் பொட்டு இல்ல. பொட்டு வச்சதெல்லாம் மெஷின்தான், வரியை எடுங்கன்னு கம்பெனி மனுவும் குடுத்திருக்கு."

கம்பெனி பாடம் படித்துவிட்டது. இளைய தலைமுறைக்கு முன்னால் மேனேஜர் பயன்பெற்றுவிட்டார்.

"சுடலைமுத்து அண்ணாச்சி என்ன சொல்லுதாரு?"

"அவர் ரிட்டயராகி, மக வீட்டோட திருச்செந்தூர்ப் பக்கம் போயிட்டாரு. இந்தத் தடவை மேனேஜரே கிண்ணத்தைத் தூக்கிட்டு அலைஞ்சாராம்." குரலைத் தணித்துக்கொண்டான். "இலக்கு திரும்பக் கூடியிருக்குக்கா. பீடித் தெருவை மறுபடி ஏ-ல போட்டு வரைவு ரெடியாயிட்டு. பிளாண்ட் உள்ள வரலைன்னா..."

வரவில்லை என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. குழாய், வாளி, இலை.

சாயங்காலம் பாத்திமுத்து அக்கா கூப்பிட்டார். என் நம்பரை யார் கொடுத்திருப்பார்கள் என்று விசாரிக்கத் தேவையில்லை.

"ஏம்மா, கேன்டீனுக்குப் பொட்டு வச்சா அது மெஷின் ஆயிருமாம்லா?"

"அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்காங்கக்கா."

"அப்ப என் வீடும் மெஷினுக்கு உறைதான். உள்ள பீடி சுத்துத மெஷின் ஒண்ணு விடிஞ்சதுலேர்ந்து ஓடிட்டுத்தான கெடக்கு. பொட்டு வைக்கத்தான் எங்க மார்க்கத்துல வழி இல்ல. அதுக்கு என்ன செய்யணும்னு கேட்டுச் சொல்லு."

நான் சிரித்தேன். அப்புறம் பாப்பாவை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, பேப்பரை எடுத்தேன். ராஜினாமா செய்தவள் மனு எழுதிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கூடாது என்று எங்கும் இல்லை. இருக்கிறதா என்று இன்னொரு முறை யோசித்தேன். எழுதிவிட்டேன்.

"எங்கள் வீடுகள் கட்டிடங்கள் அல்ல, இயந்திர உறைகள். உள்ளே பீடி சுற்றும் இயந்திரங்கள் இயங்குகின்றன. அவற்றின் மேல் வெயிலும் மழையும் படாமல் இருக்கவே சுவரும் ஓடும் உள்ளன. உறை இல்லாமல் இயந்திரம் ஓடாது. எங்கள் மார்க்கத்தில் வழக்கம் இல்லாததால் பொட்டு மட்டும் வைக்க இயலவில்லை. எதிரே உள்ள மின் நிலையத்துக்குத் தரும் அதே சலுகையை எங்களுக்கும் தந்து உதவ வேண்டுகிறோம்."

தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு மனுக்களையும் ஒரே நாளில் விசாரணைக்கு எடுக்கச் சொல்லி இசக்கிராஜாவிடம் சொன்னேன். அன்று முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. "வேலையை விட்டவளுக்கு இவ்வளவு வேலையா" என்றார் மாமியார்.

மத்தியானம் கூப்பிட்டான். மூச்சு வாங்கியது, வராண்டாவுக்கு ஓடி வந்து பேசுகிறான் போலிருக்கிறது.

"அக்கா, முதல்ல தெரு மனுவை வாசிச்சேன். மேனேஜருக்குக் கோவம் வந்துட்டு. 'இது என்ன கேலிக்கூத்து, ஆள் உள்ள உக்காந்து வேலை செய்யுற இடம் எப்படி இயந்திர உறையாகும், ஆள் புழங்கினாலே அது கட்டிடம்தான்'னு கத்துனாரு. என்னோட ஆட்சேபனையைப் பதிவு பண்ணணும்னு அவரே கேட்டாரு."

"புது மேடம் என்ன சொன்னாங்க?"

"பதிவு பண்ணுங்கன்னாங்க. அப்படியே எழுதி வாசிச்சுக் காட்டுனேன். 'கரெக்டா எழுதியிருக்கீங்க தம்பி'ன்னு பாராட்டிட்டுக் கையெழுத்துப் போட்டாரு. அதுக்குப் பொறவுதான் மேடம் கேட்டாங்க, 'சார், உங்க கண்ட்ரோல் ரூம்ல, கேன்டீன்ல எல்லாம் ஆள் உண்டா?'ன்னு."

"கையெழுத்து இருக்கா?"

"இருக்குக்கா."

"தேதியோட?"

"தேதியோட."

"இன்னொரு தரம் பாரு."

"பாத்துட்டேன்க்கா. பிளாண்ட் வரிக்குள்ளயே இருக்கும், தெரு சி-லயே இருக்கும்னு மேடம் எழுதிட்டாங்க. அக்கா, ஒரு நிமிசம், இவங்க போனைப் பிடுங்குதாங்க..."

"ஏம்மா" என்றார் பாத்திமுத்து அக்கா. "எங்க மனு தள்ளுபடின்னுட்டாவ. ஆள் இருக்கிற எடமாம். அப்ப நாங்க மெஷின் இல்லைன்னு ஆயிட்டா?"

"ஆயிட்டுக்கா. கையெழுத்தோட."

"நல்லதாப் போச்சு. வீட்டுக்குப் போய் வலிக்குத இந்த இடுப்புகிட்டச் சொல்லிப் பாக்கேன், என்ன சொல்லுதுன்னு பாப்போம்." பின்னால் யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "சரிம்மா, குழாயில தண்ணி வந்துட்டாம். இலை நனைக்கணும். வச்சிருதேன்."